தாள் விழுந்ததில் பேர் வாங்கின ஆளாம்!

நேற்று அந்தப் பதிவை ஆளாளுக்குப் பகிர்ந்து முடித்துவிட்டீர்கள், நான் வேறு ஒட்ட வேண்டியதில்லை. 1930-களில் இங்கிலாந்து வானொலியில் பேர் போன நகைச்சுவைக்காரர் சாண்டி பவலுக்கு அதிர்ஷ்டமாம். கையிலிருந்த தாள் நழுவியதாம், ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம், நாடே பிடித்துக்கொண்டதாம். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

விழுந்தது உண்மைதான். பிபிசி நேரலை. வட துருவத்திலிருந்து வானொலியில் வீட்டுக்குப் பேசுகிற வேடம். பக்கங்கள் தரையில் சிதற, அவர் பொறுக்கி அடுக்கி முடிக்கும்வரை "நான் பேசுறது கேக்குதா, அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேரலையில் ஐந்து நொடி சத்தம் நின்றால் வீட்டில் இருப்பவர் பெட்டியைத்தான் தட்டிப் பார்ப்பார். எத்தனை முறை கேட்டாலும் அந்த வேடத்துக்குப் பொருந்துகிற வரி அது ஒன்றுதான். குனிந்த நிலையில் அதைப் பிடித்தாரே! தாள் விழுந்தது வேண்டுமானால் அதிர்ஷ்டம். வாய் நிற்காதது தொழில்.

"மைக் முன்னால் நின்று வாசிப்பதில் என்ன தொழில்?" என்று ஒருவர். வாசியுங்களேன் ஐயா. குண்டூசி குத்திய தாள்கட்டைப் புரட்டினால் சரசரப்பு வீடுவரை போகும். அதனால் ஊசியைப் பிடுங்கிவிட்டு, தாள்களை உதிரியாகப் பிடித்து, முடிந்ததை ஓசைப்படாமல் கீழே விட வேண்டும். ஒரு பிடி தவறினால் மொத்தமும் தரையில்தான். விழுந்ததற்குக் காரணமே இதுவாக இருக்கலாம், அசட்டை இல்லை.

1930-களின் நடுவில் வந்த, உள்ளே மெல்லிய உலோக நாடா வைத்த ரிப்பன் மைக் இன்னொரு தொல்லை. முன்னும் பின்னும்தான் அதற்குக் காது, விலாப்பக்கம் செவிடு. இருவர் எதிரெதிரே நிற்கலாம். மூன்றாமவர் பக்கவாட்டில் நின்றால் அவர் நாடகத்திலேயே இல்லை. ரொம்பக் கிட்டே போனால் குரல் குடத்துக்குள்ளிருந்து வரும். அந்த ஊர்க் கடற்கரைகளில் கடலுக்குள் நீளும் கேளிக்கைப் பாலம் உண்டு; அந்தக் கடற்பாலக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கத்திப் பழகிய குழுவை இதற்குள் அடக்க வேண்டும். தொப்பியைக் கோணலாக வைத்து வாங்கும் சிரிப்பு இங்கே செல்லாது. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார், வீட்டில் இருப்பவர் "என்னத்துக்குச் சிரிக்கிறான்?" என்பார்.

சரக்கு தீர்வதை யாராவது யோசித்தீர்களா? கடற்கரைக்கு வாராவாரம் புதுக் கூட்டம் வரும், ஒரே நகைச்சுவைத் துண்டு கோடை முழுக்க ஓடும். வானொலியில் அது ஒரே ராத்திரியில் காலி. அதிலும் தேனிலவுத் தம்பதி, பெண்களின் உள்ளாடை என்று 1940-களின் இறுதியில் பிபிசி எழுதி வைத்த தடைப் பட்டியல் வேறு. கடற்கரை மேடைக்காரரின் பாதிச் சரக்கு அங்கேயே போச்சு. "ஆபாசம் போனால் நல்லதுதானே" என்று வருவீர்கள். வாருங்கள், அதற்கு இன்னொரு நாள்.

வெறுமனே வாசித்துவிட்டுக் காசு வாங்கியவர்களும் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். சாண்டி அந்த வகை இல்லை. குரலை மட்டும் வைத்துப் பிழைத்தவன் என்றாலே உங்களுக்கு ஏன் இத்தனை இளக்காரம்?

பிற்காலத்தில் ஈஸ்ட்போர்ன் கடற்பாலத்தில் கோடைதோறும் ஆடினாரே, அதையும் சொல்லுங்கள். பொம்மையைப் பேசவைப்பவராக வருவார். அசையவே கூடாத உதடு பளிச்சென்று அசையும், பொம்மை கையிலேயே கழன்று கழன்று விழும். அதுவும் அதிர்ஷ்டம்தானோ? ராத்திரிக்கு ராத்திரி, அதே இடத்தில்.