ரோல் பின்னுக்குத் தட்டை முனைப் பஞ்ச் பொருந்தாது

விட்டம் சரியாக இருந்தால் போதும், துப்பாக்கியின் பாகங்களைப் பிடித்து நிற்கும் ரோல் பின்னையும் சாதாரணத் தட்டை முனைப் பஞ்சால் (பின்னின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டும் உலோகக் கோல்) அடித்து இறக்கலாம் என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. கெட்டியான பின்னுக்கு அது சரி. ரோல் பின்னுக்குச் சரிவராது.

ரோல் பின் என்பது நீளவாக்கில் பிளவுள்ள, உள்ளே வெற்றான ஸ்பிரிங் எஃகுக் குழாய். துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். உள்ளே போகும்போது சுருங்கி, அந்த விறைப்பில்தான் பிடித்து நிற்கும். தட்டை முனை அதன் மெல்லிய விளிம்பில் மட்டுமே உட்காரும். கொஞ்சம் சாய்ந்தாலும் விளிம்பு உள்ளே மடங்கும், இல்லையென்றால் பஞ்ச் வழுக்கி மேற்பூச்சைக் கீறிவிடும். இது தேவையில்லாத சேதம்.

ரோல் பின் பஞ்சின் முனை நடுவில் சின்னக் குமிழ் இருக்கும். உதிரிப் பின் ஒன்றை அதன்மேல் வைத்துப் பாருங்கள்: குமிழ் குழிக்குள் புகுந்து, பின்னின் விளிம்பு சுற்றிலும் தோளில், அதாவது குமிழைச் சுற்றியுள்ள தட்டைப் பகுதியில், படிய வேண்டும். அப்புறம் வெர்னியர் அளவுகோலால் பஞ்சின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். துளையைவிடத் துளி மெலிந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், கழிவு இரும்புத் துண்டில் அதே அளவில் இரண்டு துளை போட்டு, இரண்டு பஞ்சாலும் ஒவ்வொரு பின் இறக்கி, விளிம்புகளை லென்ஸில் பாருங்கள்.