அ எழுதத் தெரியும், காற்சட்டை கழற்றத் தெரியாது

தரம் 1 அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் அடுத்த நாள் வாங்குவது கொப்பியும் ஒரு பெட்டிப் பென்சிலும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிள்ளையைப் பிடித்து இருத்தி அ, ஆ, இ, ஈ தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு மட்டும் எண்ணுதாம், ஆங்கிலப் பாட்டுப் பத்துச் சொல்லுதாம். அதுக்குள் ஒருவர் தரம் 5 புலமைப்பரிசில் கதையையும் இழுத்துக்கொண்டு வருவார். அந்தச் சோதினைக்கு இன்னும் ஐந்து வருசம் கிடக்கிறது.

முதல் மாதம் வகுப்பில் அழுகிற பிள்ளைகளில், எழுத்துத் தெரியாமல் அழுகிற பிள்ளை அரிது. காற்சட்டைக் கொளுக்கி கழற்ற முடியாத பிள்ளை அழும். சாப்பாட்டுப் பெட்டி மூடி திறபடாத பிள்ளை அழும். அம்மா எப்ப வருவா என்று தெரியாத பிள்ளை அழும். எழுத்தைச் சொல்லிக் கொடுக்க ரீச்சர் இருக்கிறா, அதுக்குத்தான் அவவுக்குச் சம்பளம். முப்பது பிள்ளைக்குக் கொளுக்கி கழற்றிவிட ஒருத்தரும் இல்லை.

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கோ. இலங்கையில் தரம் 1இல் சேருகிற வருடம் ஜனவரி 31 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் ஜனவரி கடைசியில் பிறந்த பிள்ளை ஐந்து முடிந்த கையோடு வரும். முந்தின பெப்ரவரியில் பிறந்தது ஆறை எட்டிப் பிடிக்கிற நேரத்தில் வரும். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 12 மாதம், அதாவது சின்னப் பிள்ளையின் இதுவரையான வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே வாங்கில் இருக்கும். 'அவள் எழுதுறாள், நீ ஏன் எழுதேல்லை' என்று கேட்பதற்கு முன்னம் இரண்டு பேரின்ரை பிறந்த திகதியையும் கேளுங்கோ.

இனி மலசலகூடம். இதைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள், ஆனால் ஆயத்தத்தில் பாதி இதுதான். இப்ப வீடுகளில் கொமட் வந்துவிட்டது, பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் குந்துகிற கக்கூஸ்தான். குந்திப் பழகாத பிள்ளை ஒருதரம் வழுக்கப் பார்த்தால் போதும், பிறகு அந்தப் பக்கமே போகாது. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிக்காது. மத்தியானம் தலையிடிக்குது என்று வரும், கிழமைக் கடைசியில் வயிறு இறுகிவிடும். தாய் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பிழை என்று நினைப்பா.

மூன்று மாதத்துக்கு முன்னரே தொடங்குங்கோ. காற்சட்டையை முழங்காலுக்குக் கீழே இறக்கி, முன்பக்கமாக இழுத்துப் பிடித்தபடி குந்தப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் உடுப்பு நனைந்துபோகும். பெண் பிள்ளைக்குச் சட்டையின் பின்பக்கத்தைச் சுருட்டி முன்னுக்குக் கொண்டுவந்து ஒரு கையால் அமத்திப் பிடிப்பது தனிப் பாடம், அதைச் சீருடையோடுதான் பழக்கலாம். கழுவப் பழக்கும்போது முதல் இரண்டு கிழமையும் நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கோ, பிள்ளை கழுவட்டும். பிறகு ஊற்றுவதையும் பிள்ளையிடம் விட்டிட்டுக் கதவடியில் நில்லுங்கோ. பிறகு கதவடியிலும் நிற்காதேயுங்கோ. ஒரு லீற்றர் ஜொக் நிறைந்தால் ஐந்து வயதுக் கை தாங்காது, தண்ணீர் முழுக்க நிலத்தில் போகும். அரை லீற்றர் கோப்பையில் பாதி நிரப்பி இரண்டு மூன்று தரம் ஊற்றச் சொல்லுங்கோ. முடிய சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சட்டையில் துடைக்காமல் லேஞ்சியில் துடைக்க வேண்டும்.

இன்னொன்று, சொல். வீட்டில் செல்லமாக 'சூச்சூ', 'உச்சா' என்று ஏதாவது ஒன்று இருக்கும். பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னால் ரீச்சருக்கு விளங்கவேண்டுமே. 'ரீச்சர், எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்' என்ற ஒரு வசனம் போதும். அதை உரத்து, மற்றாள் முகத்தைப் பார்த்து, கூச்சமில்லாமல் சொல்லப் பழகட்டும். வீட்டில் அம்மம்மாவிடம் சொன்னது காணாது. கடைக்காரரிடம், பக்கத்து வீட்டு மாமியிடம் ஏதாவது கேட்டு வாங்கப் பழகின பிள்ளைக்கு இது சுலபம்.

சாப்பாடு. நாலரை வயது மட்டும் ஊட்டி, கார்ட்டூன் காட்டி, வீட்டைச் சுற்றித் திரிந்து தீத்திவிட்டு, திடீரென்று ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தால் என்ன செய்யும்? இடைவேளை இருபது நிமிடம் அளவில்தான். அதுக்குள் பெட்டி திறந்து, சாப்பிட்டு, கை கழுவி, கக்கூசுக்கும் போய்வர வேண்டும். வீட்டில் தினமும் ஒரு நேரச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடப் பெட்டியில் போட்டு, நிலத்தில் பாய் விரித்து, பதினைந்து நிமிடத்துக்குள் தானே சாப்பிட விடுங்கோ. போன் இல்லாமல். சிந்தும், சிந்தட்டும். நாலு பக்கமும் பூட்டு வைத்த பெட்டி வாங்கினால் கடையிலேயே பிள்ளையிடம் கொடுத்துத் திறந்து பாருங்கோ. திறக்காவிட்டால் வேறு பெட்டி. பள்ளிக்கூடத்தில் சோறு கொடுக்கும் திட்டம் இருந்தால் சோறும் பருப்பும் கீரையும் தன் கையாலே குழைத்துச் சாப்பிடத் தெரியவேண்டும், அதையும் பழக்குங்கோ.

என்ன கட்டிக் கொடுப்பது? புட்டைத் தேங்காய்ப்பூவோடு அப்படியே கொடுத்தால் பாதி மடியில். வாழைப்பழத்தோடு பிசைந்து சின்ன உருண்டையாகப் பிடித்தால் கையால் எடுத்துச் சாப்பிடலாம். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றி அனுப்பினால் பைக்குள் கொப்பிகள் குளிக்கும். தோசையை நாலாகச் சுருட்டி வெட்டலாம், பயறு அவித்துச் சர்க்கரை போட்டு உருட்டலாம். அளவு குறைவாக வையுங்கோ. பெரிய பெட்டி நிறையக் கண்டால் பிள்ளை தொடாமலே மூடும்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவை ஒருத்தரும் நம்பமாட்டீர்கள். தமிழில் 247 எழுத்து இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு முதல் அதில் ஒன்றும் எழுதத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தெரிந்தால் பாதகமில்லை, பிழையான பழக்கத்தோடு தெரிந்தால்தான் பாதகம். அ நெடுங்கணக்கில் முதல் எழுத்து, கைக்கு முதல் எழுத்து அல்ல. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, பிறகு ஒரு நிமிர்ந்த கோடு என்று நாலு வேலை அதுக்குள் இருக்கிறது. பிள்ளைகள் பொதுவாக வட்டத்தை மூன்று வயதளவில் பார்த்துக் கீறும், சிலுவைக் கோட்டை நாலில், சதுரத்தை நாலரை ஐந்தில், முக்கோணத்தை ஐந்து தாண்டி. சாய்கோடு கடைசியாகத்தான் கைக்கு வரும். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சின்ன எலும்புகளும் இந்த வயதில் இன்னும் முழுக்க எலும்பாகி முடியவில்லை. ஆகவே எழுதித்தான் தீரவேண்டும் என்றால் ட, ப இரண்டிலும் தொடங்குங்கோ. கீழே ஒரு கோடு, பக்கத்துக்கு ஒரு கோடு, ட முடிந்தது. அதோடு மேலே ஒரு கோடு போனால் ப.

விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பாரே, அது நல்ல முறை. பென்சில் இல்லை, அமத்தத் தேவையில்லை, பிழைத்தால் தட்டி அழிக்கலாம். ஆனால் அந்த ஒரு நாளோடு அரிசித் தட்டை எடுத்து வைத்துவிடுகிறோம். ஒரு தட்டில் அரை அங்குல உயரத்துக்கு அரிசியோ மணலோ பரப்பி, மாதக்கணக்கில் வைத்திருங்கோ.

கைக்குப் பலம் குசினியில் இருக்கிறது. முருங்கையிலை உருவுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, இடியப்ப உரல் பிழிய உதவுவது, றொட்டி மாவைக் குழைப்பது, செவ்வரத்தைப் பூ ஆய்வது, உடுப்புக் காயப்போடும்போது கிளிப் குத்துவது. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கிப் போத்திலுக்குள் போடுவது பென்சில் பிடிக்கிற அதே பிடி. விலைக்கு விற்கிற பயிற்சிப் புத்தகங்களைவிட இது நல்லது, வீட்டு வேலையும் நடக்கும். (வெங்காயத்துக்குக் கண்ணெரிந்தால் நிறுத்திவிடுங்கோ, பிறகு குசினிப் பக்கமே வராது.) பென்சிலை ஏழெட்டுச் சென்ரிமீற்றர் அளவுக்கு முறித்துச் சீவிக் கொடுங்கோ. கட்டையான பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்க இடமிருக்காது, விரல் நுனி தானாக வரும்.

இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற வேண்டாம். அம்மம்மாமார் இதில் விட்டுக்கொடுக்க மாட்டினம், சாப்பிடுவது வலக்கையால், எழுதுவது இடக்கையால் என்று சமாதானம் பேசிக்கொள்ளுங்கோ. கொப்பியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மேல் முனையை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் எழுதினதை அதுவே கையால் அழிக்காது. வாங்கின் இடது ஓரத்தில் இருத்தச் சொல்லி ரீச்சரிடம் முதல் நாளே கேளுங்கோ, பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிபடாது.

எண் விசயத்தில் நூறு மட்டும் ஒப்பிப்பதைப் பெரிதாக எடுக்காதேயுங்கோ. ஏழு புளியங்கொட்டையை வைத்து எத்தனை என்று கேளுங்கோ. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, கடைசி எண்ணைப் பதிலாகச் சொன்னால் நல்லது. அதே ஏழைப் பரப்பி வைத்துத் திரும்பக் கேட்டால் 'கூடிற்றுது' என்று சொல்லும். அது மக்கு இல்லை, அந்த வயது.

கேட்கிற பழக்கம்தான் எங்கள் வீடுகளில் குறைந்துகொண்டு போகிறது. போனில் கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைக்கு முகம் பார்த்துக் கேட்கவேண்டிய தேவையே இல்லை. இரண்டு வேலையைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கோ: 'சப்பாத்தை வாசலில வைச்சிட்டு, தண்ணிப் போத்திலை எடுத்துக்கொண்டு வா.' அது சரியென்றால் மூன்று வேலை. இரவில் பத்து நிமிடம் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கோ, சொல்வது மட்டும் போதாது. நாங்கள் கதைக்கிற தமிழும் புத்தகத் தமிழும் வேறு. 'வந்திட்டுது' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு 'வந்துவிட்டது' புதுப் பாசை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, அழைத்துக்கொண்டு போங்கோ.

நித்திரை சுருக்கமாக. இந்த வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்குப் பத்து மணித்தியாலமாவது வேண்டும். காலை ஐந்தே முக்காலுக்கு எழும்பவேண்டுமென்றால் இரவு எட்டுக்குள் படுக்க வேண்டும். பத்து மணிக்குப் படுக்கிற பிள்ளையை ஒரே நாளில் எட்டுக்குப் படுக்க வைக்க முடியாது. மூன்று நாளுக்கு ஒருதரம் கால் மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்தால் 24 நாளில் எட்டு மணி வரும். காலையில் எழுப்புவதையும் அதே கணக்கில் முந்துங்கோ, இல்லாவிட்டால் இரவில் கண் மூடாது. தொலைக்காட்சி நாடகம் ஓடுகிற அறையில் இது நடக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

கண்ணும் காதும். உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திவிட்டு ஒரு படத்தைக் காட்டுங்கோ, பிறகு மற்றக் கண்ணை. ஒரு பக்கம் பொத்தும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டால் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஒரு கண் மட்டும் சரியாகப் பார்க்காத சோம்பற்கண்ணைச் சின்ன வயதில் பிடித்தால்தான் சுலபமாகத் திருத்தலாம். பின்னுக்கு நின்று மெதுவாகக் கூப்பிட்டும் பாருங்கோ. ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று குடும்பநல உத்தியோகத்தர் தந்த வளர்ச்சிப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கோ. தரம் 1இல் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும்தான், அது எந்த மாதம் வருமென்று காத்திருக்க வேண்டாம்.

சாமான்களில் ஒரு கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளை 16, 17 கிலோ இருக்கும். பை அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீர் மட்டும் ஒரு கிலோ. ஆகவே 350 மில்லிலீற்றர் போத்தில் போதும். பேரை எழுதி ஒட்டினால் ரீச்சர் வாசிப்பா, பிள்ளை வாசிக்காது. பை, போத்தில், பெட்டி, தொப்பி எல்லாவற்றிலும் ஒரே நிற நூலைக் கட்டிவிடுங்கோ, 'சிவப்பு நூல் உன்ரை' என்றால் ஐந்து வயதுக்கு அது காணும். சப்பாத்து கயிறு இல்லாமல் ஒட்டுகிற மாதிரி. முதல் நாளைக்குப் பத்து நாளுக்கு முன்பிருந்து தினமும் இருபது நிமிடம் போட்டு நடக்க விடுங்கோ, குதிக்கால் உரஞ்சினால் அப்பவே தெரியும்.

முதல் நாள். விட்டிட்டு ஒளிச்சுப் போகாதேயுங்கோ. ஒருதரம் ஒளிச்ச தாயின்ரை கையைப் பிள்ளை அடுத்த நாள் விடவே விடாது. யன்னலடியில் நின்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம், அழுது முடிந்த பிள்ளை உங்களைக் கண்டால் முதலில் இருந்து தொடங்கும். 'மணி அடிச்ச உடன வேப்பமரத்தடியில நிப்பன்' என்று ஒரே வசனம், ஒரு கொஞ்சல், திரும்பி நடவுங்கோ. சொன்ன மரத்தடியில் மணிக்கு ஐந்து நிமிடம் முன்னரே நில்லுங்கோ. அந்த ஐந்து நிமிடத்தைப் பிந்தினால் அடுத்த கிழமை முழுக்க அழுகை. 'பொறு, பள்ளிக்கூடம் போனால் ரீச்சர் அடிப்பா' என்று வீட்டில் வெருட்டி வைத்திருந்தால் இதெல்லாம் வீண். பள்ளிக்கூடத்தில் அடிப்பதைத் தடைசெய்து சுற்றறிக்கை வந்து எவ்வளவு காலம், வீட்டில்தான் இன்னும் ரீச்சரின் கையில் பிரம்பு கொடுக்கிறோம்.

தரம் 1 பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழாவுக்குப் பூமாலையும் படமும் முகநூலும் இருக்கட்டும், அன்று பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. அதற்குப் பிறகு வருகிற திங்கட்கிழமைதான் கஷ்டம். பின்னேரம் வந்த உடனே 'இண்டைக்கு என்ன படிச்சனி?' என்று கேட்டால் 'ஒண்டுமில்லை' என்று வரும். 'ஆருக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டனி?' என்று கேளுங்கோ. பிறகு பெட்டியைத் திறந்து பாருங்கோ. தொடாமல் வந்திருந்தால் மூடி இறுக்கமா, நேரம் காணாமல் போனதா, கை கழுவத் தண்ணீர்க் குழாய் உயரமா என்று பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கோ. வெள்ளிக்கிழமை வந்த கையோடு சப்பாத்தைக் கழுவிவிடுங்கோ, மழைக்கால ஈரத்தில் ஒரு நாளில் காயாது.