கல்யாணப் பரிசாகச் சமையல் வகுப்பு, அதுவும் மாப்பிள்ளைக்கு

ஆவணி முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மொய்க் கவரில் ஆயிரத்தொன்று வைத்துவிட்டு வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பொருளாகத்தான் கொடுப்பேன் என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. சுவர்க் கடிகாரமும் டின்னர் செட்டும் பரணுக்குப் போய், ஒரு வருஷம் தூங்கி, வேறு தாள் சுற்றிக்கொண்டு இன்னொரு கல்யாணத்துக்குக் கிளம்புவது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே காசில் ஒரு சமையல் வகுப்புக்குப் பணம் கட்டிக் கொடுங்கள்.

ஆனால் பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். மணப்பெண் கையில் சமையல் வகுப்புச் சீட்டைத் திணிப்பது பரிசு இல்லை, குத்தல். இவளுக்குச் சமைக்க வராது என்று மேடையேறி மைக்கில் சொன்ன மாதிரி. மாப்பிள்ளைக்குக் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுங்கள். பந்தியில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எந்த வகுப்பு என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஒரே நாளில் பத்து வகை பிரியாணி' என்று விளம்பரம் வரும். முப்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், மாஸ்டர் முன்னால் நின்று சமைப்பார், கடைசியில் ஆளுக்கு ஒரு கப் கிடைக்கும். அதற்கு யூடியூபே போதும், நிறுத்தி நிறுத்தியாவது பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு அடுப்புக்கு எத்தனை பேர் என்பது. இரண்டு பேருக்கு மேல் என்றால் வேண்டாம். மூன்றாவது ஆள் வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வேடிக்கைதான் பார்ப்பார்.

இரண்டாவது, மாதம் ஒருமுறை செய்கிற பண்டத்தைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு வேண்டாம். வாரத்துக்கு நாலு நாள் செய்வதுதான் கையில் நிற்கும். என்னைக் கேட்டால் இட்லி தோசை மாவு, சாம்பார், ரசம், ஒரு பொரியல். இவ்வளவு போதும். கேக்கும் பாஸ்தாவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் மாவு ஒரு தனிச் சிக்கல். வகுப்பு மூன்று மணி நேரம், மாவுக்கோ ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதனால் பெரும்பாலான இடங்களில் முந்தின நாளே அரைத்துப் பொங்கிய மாவை மேஜையில் தயாராக வைத்து, ஊற்ற மட்டும் சொல்லித் தருவார்கள். ஊற்றுவதில் என்ன இருக்கிறது? வித்தை முழுக்க அரைப்பதில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை அரைத்து, ஞாயிறு காலை வந்து அவிக்கிற மாதிரி இரண்டு அமர்வாக நடத்தும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

அங்கே என்ன நடக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் என்றால் இட்லி அரிசி 4 பங்கு, முழு வெள்ளை உளுந்து 1 பங்கு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். மிக்ஸி என்றால் 3-க்கு 1. கிரைண்டர் கல் உளுந்துக்குள் காற்றை ஏற்றிக்கொண்டே அரைக்கும். மிக்ஸி பிளேடு வெட்டத்தான் செய்யும், அதனால் உளுந்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. (கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு சும்மா கொடுத்துவிடவில்லை.) அரிசி 4 மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஓட விட வேண்டும். பதம் பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். மாவில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். மிக்ஸியில் ஜார் சூடேறும், அதற்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரைக்க வேண்டும். அரிசி நைசாகிவிடக் கூடாது, விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருடணும்.

இரண்டையும் உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். பொங்க வைப்பது தானியத்திலேயே இருக்கும் லூக்கோனோஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். 30 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் 8 முதல் 10 மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். ஊட்டியிலோ டிசம்பர் பெங்களூரிலோ 14 மணி நேரம்கூட ஆகும். பொங்கிய மாவைக் கரண்டி போட்டு அடித்துக் கலக்கினால் உள்ளே பிடித்து வைத்த காற்று மொத்தமும் போய்விடும். இட்லிக்கு மேலாக அள்ளி ஊற்றணும். அடியில் தங்குவது மறுநாள் தோசைக்கு. கொப்பரைத் தண்ணீர் கொதித்த பிறகே தட்டு உள்ளே போக வேண்டும். 10 முதல் 12 நிமிடம், இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, நனைத்த கரண்டியால் எடுக்கணும்.

கல் மாதிரி இருந்தால் உளுந்து பத்தவில்லை, அல்லது சரியாக ஆட்டவில்லை. தட்டையாகப் பரவியிருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது மாவு பொங்கவில்லை. துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். சரியாக வந்த இட்லியைவிடக் கெட்டுப்போன இட்லியைக் காட்டி, ஏன் கெட்டது என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் கொடுத்த காசுக்கு இரட்டிப்பு.

தோசையில் புதிதாகப் பழகுபவர்கள் எல்லாரும் விழுகிற குழி ஒன்றே. மாவைத் தேய்க்கும்போது அது கல்லில் நிற்காமல் கரண்டியோடு சுருண்டு வரும். உடனே மாவைக் குறை சொல்வார்கள். மாவு பாவம், கல்தான் அதிகச் சூடு. தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் துடைத்துச் சூட்டைத் தணித்துவிட்டு ஊற்ற வேண்டும், தேய்த்த பிறகு தீயைக் கூட்ட வேண்டும்.

சாம்பாரில் காய் வேகும் முன் புளியை ஊற்றிவிட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் காய் விறைப்பாகவே இருக்கும், புளிப்பு அதை மசிய விடாது. ரசத்தில் நேர் எதிர்: புளித்தண்ணீர் பச்சை வாசம் போகக் கொதிக்கணும், பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு கொதிக்கவே கூடாது, நுரை கட்டி மேலே வரும்போது அணைத்துவிடணும். தாளிப்புக்கு எண்ணெயில் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்த்து, அது வெடித்தால்தான் மீதி. இந்த மூன்றையும் அடுப்பு முன்னால் நின்று ஒருமுறை கெடுத்துப் பார்த்தவன் பிறகு மறக்க மாட்டான்.

நல்ல வகுப்பு பக்கத்தில் இல்லையா? வீட்டிலேயே பெரியம்மாவோ அத்தையோ இருப்பார். வெற்றிலை பாக்கோடு தட்டில் முறையாகப் பணம் வைத்துக் கேளுங்கள், ஓசியில் கேட்காதீர்கள். அவர்களிடம் ஒரே தொந்தரவு, 'கண் அளவுதான்ப்பா' என்பார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. டிஜிட்டல் தராசில் உப்பு ஜாடியைச் சமையலுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை வைத்து எடை பாருங்கள். வித்தியாசம்தான் அளவு. புளி, மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாவற்றுக்கும் இப்படியே. அவர்கள் கையை நிறுத்தவே வேண்டாம். ஸ்பூன் கணக்கை நம்பினால் கல் உப்பில் சரியாக வந்தது தூள் உப்பில் கரித்துவிடும், ஒரே ஸ்பூனில் தூள் கூடுதலாகப் பிடிக்கும்.

தம்பதி வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினியக் குக்கர் சூடாகவே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, அமெரிக்க அளவு கப் 240 மில்லி. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு அரிசியைத் திட்டுவார்கள். வகுப்பும் அங்கே இருக்கப்போகிற அடுப்பு மாதிரியே உள்ள இடத்தில் நடந்தால் நல்லது.

வேளாண் பல்கலைக்கழகம் கோவையில் நடத்தும் இரண்டு நாள் சிறுதானிய, பேக்கரிப் பயிற்சிகளை இதற்கு வாங்காதீர்கள். அவை தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கானவை. அப்படி ஒரு அக்கா உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்குக் கொடுங்கள், அது வேறு கணக்கு.

'எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்ற கூப்பன் பீரோவிலேயே காலாவதியாகும். தேதி குறித்துக் கொடுங்கள். ஆவணிக் கல்யாணத்துக்குப் புரட்டாசிச் சனி ஞாயிறு தோது. விருந்து ஓய்ந்திருக்கும், அடுத்த முகூர்த்தத்துக்கு அலைய வேண்டாம், பல வீடுகளில் எப்படியும் சைவம்தான். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் மாப்பிள்ளையே தோசை ஊற்றிக் காட்டலாம். வகுப்புச் சீட்டோடு ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு தராசு சேர்த்து வையுங்கள். வகுப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் சொந்த அடுப்பில் ஒருமுறை செய்துவிட வேண்டும், சாமான் கையில் இருந்தால்தான் அது நடக்கும். வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வகுப்பு நடத்துபவரிடம் சொல்லிவிடுங்கள். வர முடியாமல் போனால் தேதி மாற்றித் தருவாரா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கவர் மேல் மாப்பிள்ளை பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அரிசி உளுந்து மூட்டையைப் பார்த்ததுமே யாராவது பெரியவர் அதைப் பெண் பக்கம் தள்ளி வைத்துவிடுவார்.