ஹுப்ரிஸ் வெறும் ஆணவம் அல்ல
'ஹுப்ரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தெய்வத்தை மிஞ்ச நினைக்கும் ஆணவம் என்று மட்டும் கட்டுரையில் பொருள் சொல்லியிருக்கிறீர்கள். பண்டைய ஏதென்ஸில் அது வழக்குத் தொடுக்கக்கூடிய குற்றம். அடிமைக்கு இழைத்தாலும் குற்றம்தான். லாபம் எதுவும் இல்லாமல், அடுத்தவரை அவமானப்படுத்தும் சுகத்துக்காகவே செய்வது என்கிறார் அரிஸ்டாட்டில்.

ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரையைப் பாருங்கள். கோனன் என்பவனும் அவன் கூட்டாளிகளும் அரிஸ்டன் என்ற இளைஞனின் மேலாடையை உருவி, சேற்றில் தள்ளி மிதிக்கிறார்கள். அப்புறம் கோனன், சண்டையில் ஜெயித்த சேவல் மாதிரி கூவுகிறான். முழங்கைகளை இறக்கைபோல விலாவில் அடித்துக்கொள்ளச் சொல்லி மற்றவர்கள் ஏற்றிவிடுகிறார்கள். அரிஸ்டன் தொடுத்தது அடிதடி வழக்குதான். ஆனாலும் ஹுப்ரிஸுக்கு அடையாளமாக நீதிமன்றத்தில் அவன் காட்டியது அந்தக் கூவலை! இந்தச் சட்டப் பொருளையும் கட்டுரையில் அவசியம் சேருங்கள்.