அரிசோனாப் படம்

(வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடி. தாவரவியல் படிப்பிச்சு ஓய்வுபெற்ற ரீச்சரின் கதவைத் தட்டுகிறார் முன்வீட்டு லிங்கம். கையில் போன்.)

லிங்கம்: ரீச்சர், பெடியன் அரிசோனாவில இருந்து படம் அனுப்பியிருக்கிறான். முடிவெடுக்க முந்தி நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.

ரீச்சர்: கொண்டாங்கோ. பெருப்பியுங்கோ, இன்னும்... ஆ! செம்மஞ்சள், அஞ்சு இதழ். நடுவில கேசரமெல்லாம் ஒட்டிக் குழாயா நிக்குது. எங்கட செவ்வரத்தைக் குடும்பமெல்லோ!

(ரீச்சர் எதையும் நடுவில இருந்துதான் பாக்கத் தொடங்குவா.)

லிங்கம்: தெரிஞ்ச குடும்பமோ? மனுசி கேட்டா குளிர்ந்துபோவா!

ரீச்சர்: பூவரசு, வெண்டி, பருத்தி எல்லாம் சொந்தம்தான்.

லிங்கம்: பருத்தித்துறை ஆக்களோ!

ரீச்சர்: இல்லையப்பா, பூர்வீகமே அந்தப் பாலைவனம். சொனோரா, மொஹாவே ரெண்டிலயும் இருக்கு.

லிங்கம்: அங்கயே பிறந்து வளந்ததோ... அப்ப தமிழ் கஷ்டம்தான்.

ரீச்சர்: ஒரு மழைக்கு முளைச்சுக் காயிற வகை இல்லை இது. அடித்தண்டைப் பாருங்கோ, விறகு போல முத்தியிருக்கு. வருசக்கணக்கா நிண்டு பூக்கிறது.

லிங்கம்: வயசு கூடவோ? இருபத்தெட்டெண்டுதானே சொன்னவன்!

ரீச்சர்: மேலெல்லாம் சாம்பல் மயிர் வேற.

லிங்கம்: சிவசிவா!

ரீச்சர்: அதுதான் வெயிலுக்குக் காப்பு. லென்ஸ் வச்சுப் பாத்தா ஒவ்வொண்டும் நட்சத்திரம்.

லிங்கம்: நட்சத்திரம் இன்னும் கேக்கேல்லை ரீச்சர், சாதகம் வரவேணும்.

ரீச்சர்: தொட்ட கையால கண்ணைக் கசக்கக் கூடாது, எரிஞ்சு தள்ளும். கண்நோவுப் பூ எண்டே அங்க ஒரு பேர் இருக்கு.

லிங்கம்: (மெல்ல) இவன் எங்க போய் விழுந்தவன்...

ரீச்சர்: குளோப்மலோதான், சந்தேகமில்லை. தாவரவியல் பேர் ஸ்பெரால்சியா. அதில அம்பிகுவா எண்ட இனமா இருக்கும். ஆனா கிட்டத்துச் சொந்தங்கள் எல்லாம் ஒரே முகம், ஒண்டோட ஒண்டு கலக்கவும் செய்யும். சரியாச் சொல்ல முத்தின காய் வேணும்.

லிங்கம்: காயோ? கலியாணமே இன்னும் பேசி முடியேல்லை!

ரீச்சர்: கலியாணமோ? ஆருக்கு?

லிங்கம்: என்ர பெடியனுக்கும் படத்தில நிக்கிற பிள்ளைக்கும்தான்!

ரீச்சர்: பிள்ளையோ? எங்க... ஓ, இலையை மறைச்சுக்கொண்டு நிக்குதே, இதோ? நல்ல பிள்ளை. கொஞ்சம் விலகி நிண்டு, இலையின்ர பின்பக்கமும் காயும் தெரியிற மாதிரி இன்னொரு படம் எடுத்தனுப்பச் சொல்லுங்கோ.