கோடியில் வேண்டாம், தெருக் கணக்கில் சொல்லுங்கள்

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எத்தனையாம் எண் என்று தெரிந்தால் போதும், படகை என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பையனும் சொல்வான். கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் இல்லை என்று மீன்வளத்துறை சொல்லிவிட்டால் அப்புறம் விசைப்படகு நகராது. ஆக, மக்களுக்குப் புரிகிற மாதிரி பேச அரசாங்கத்துக்குத் தெரியும். சாதனையைச் சொல்லும்போது மட்டும் அந்தத் தெளிவு எங்கே போகிறது?

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் என்று 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தின் வாக்குறுதி, கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். விளம்பரத்தில் வருவதோ இத்தனை கோடி இணைப்பு என்ற கணக்கு. திருச்சிப் பக்கமிருந்து வரும் காவிரித் தண்ணீருக்கு நாங்கள் கடைசி ஆள். வாசலில் குழாய் நிற்கும்; அதே வாசலைத் தாண்டித்தான் பெண்கள் குடங்களை அடுக்கித் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்து ஒரு குடம் நிரம்பக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இணைப்புக் கணக்கைச் சொன்னால் கோபம் வராதா? உண்மையிலேயே தண்ணீர் வந்து சேர்ந்த ஊர்களின் நல்ல சேதியையும் அந்த மொத்தக் கணக்கு விழுங்கிவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியை விட்டு ஆழ்கடலுக்கு மாறச் சொன்ன ஆழ்கடல் மீன்பிடித் திட்டமும் இப்படித்தான். 2017-ல் அறிவித்தபோது 2,000 படகு என்றார்கள். படகு ஒன்று 80 லட்சம். பாதி மத்திய மானியம், 20 சதவீதம் மாநில மானியம். இது துறைமுகத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். இழுவை மடியை விட்டுப் போனவர்களில் யாருக்குக் கட்டுப்படியானது? பாக் நீரிணையில் ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகியவர்கள், நாள்கணக்கில் கடலில் கிடக்க டீசல், ஐஸ், ஆள் கூலி எல்லாவற்றையும் எப்படிச் சமாளித்தார்கள்? வங்கிக் கடன் யார் கழுத்தை நெரிக்கிறது? அடுத்து விண்ணப்பம் போட நினைப்பவனுக்கு வேண்டிய தகவல் இதுதான். தோற்ற இடத்தையும் சேர்த்துச் சொல்கிற அரசாங்கத்தின் வெற்றியை நான் நம்புவேன்.

செய்வது கஷ்டமும் இல்லை. ஊர் மேல்நிலைத் தொட்டியில் பெயிண்டால் எழுதட்டும்: எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் தண்ணீர், இன்னும் வராத தெரு எது, எப்போது வரும், யாரைக் கேட்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். மண்டபம், தொண்டி, ஏர்வாடி, மூக்கையூர் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊரிலும் கேளுங்கள்.