குட்டி இந்தியா என்று சொல்லித் தொலைத்தேன்

போன சனிக்கிழமை அம்மாவை ஜாக்சன் ஹைட்ஸுக்குக் கூட்டிப் போனேன். நியூ ஜெர்சி வீட்டில் மூன்று வாரமாக ஜன்னல் வழியே அணிலை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு ஜனநடமாட்டம் உள்ள ஒரு தெருவைக் காட்டலாமே என்று. "நியூயார்க்கோட குட்டி இந்தியாம்மா" என்று வேறு பெரிதாகச் சொல்லிவைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

போர்ட் அத்தாரிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி 'E' என்ற சுரங்க ரயில். ரூஸ்வெல்ட் அவென்யூவில் படியேறி வெளியே வந்தால், தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் 7-ஆம் எண் ரயில் தடதடவென்று போகிறது. 74-ஆம் தெருவுக்கு 2004-இல் கல்பனா சாவ்லா பெயரையும் சூட்டினார்கள் என்றதும் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். பத்து நிமிஷம்தான் நீடித்தது. நகைக்கடை, லெஹங்கா கடை, மிட்டாய்க் கடை, மறுபடி நகைக்கடை. "ஒரு போர்டுல கூட நம்ம எழுத்து இல்லையேடா?"

இல்லைதான். 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு வந்த டாக்டர்கள், இன்ஜினியர்கள் ஊருக்குப் போகும்போது பெட்டியில் அடைத்துக்கொண்டு போக, நம் ஊர் மின்சாரத்தில் ஓடும் 220 வோல்ட் சாமான் வாங்கிய இடம் இது. எழுபதுகளில் அந்த மாதிரி கடைகளை ஒட்டித்தான் புடவையும் தங்கமும் வந்தன. வாங்க வந்தவர்களில் நிறையப் பேர் எங்கிருந்தோ கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். அப்புறம் எடிசன், ஹிக்ஸ்வில் என்று அவர்கள் குடியிருந்த புறநகர்களிலேயே கடைகள் வந்துவிட்டன. அவர்கள் ஏன் இங்கே பார்க்கிங் தேடி அலையப்போகிறார்கள்?

அடுத்த தெருவுக்குத் திரும்பினால் வங்காள எழுத்து. ஹலால் இறைச்சி, ஹில்சா மீன், பணம் அனுப்பும் கடை. இன்னும் கொஞ்சம் நடந்தால் நேபாளிகளும் திபெத்தியர்களும் மோமோ விற்கிறார்கள். ரூஸ்வெல்ட் அவென்யூவில் காதில் விழுவது ஸ்பானிஷ். இதற்குத்தான் நாம் இன்னும் குட்டி இந்தியா என்று பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டெல்லியில் யாராவது நம்மை "மதராசி" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி எகிறுகிறோம்? டாக்காவிலிருந்து வந்து பன்னிரண்டு மணி நேரம் கடையில் நிற்கிற ஆளை இந்தியா என்ற சாக்கில் போடும்போது மட்டும் நமக்கு ஒன்றும் உறுத்துவதில்லை. "நம்ம ஏரியா கைவிட்டுப் போச்சு சார்" என்று ஒரு நண்பர் என்னிடம் புலம்பினார். சொன்னவர் எடிசனில் வீடு வாங்கிக் குடிபோய் இருபது வருஷம் ஆகிறது. யார் யாரைக் கைவிட்டார்கள்?

சரி, அம்மாவுக்கு வருகிறேன். ஒரு தள்ளுவண்டியில் புச்கா. நம் பானிபூரிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூரியை விரலால் உடைத்து, உருளைக்கிழங்கும் பட்டாணியும் அடைத்து, மேலே அவித்த முட்டையைத் துருவிப் போடுகிறார்கள். அம்மா முட்டைக்குக் கையை ஆட்டினார். அந்தப் பையன் புரிந்துகொண்டு துருவியை ஓரம் தள்ளிவிட்டு, பச்சை மிளகாயைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினான். அம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்து 'இத்துனூண்டு' என்று காட்டினார். முதல் வாய் போனதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த புளித்தண்ணீரைத் தூக்கிக் குடித்துவிட்டார்.

அங்கிருந்து அதே 7-ஆம் எண் ரயிலில் ஃபிளஷிங், பிறகு ஒரு பஸ், பௌன் தெருப் பிள்ளையார் கோயில். ஐ.நா.வில் வேலை பார்த்த அழகப்பன் போன்றவர்கள் முன்னின்று கட்டி, 1977-இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். நியூயார்க்கில் நம் ஆட்கள் "நம்ம இடம்" என்று நினைப்பது இதைத்தான். ஆனால் ஃபிளஷிங் கடைவீதியில் இறங்கினால் எங்கும் சீன எழுத்து. இந்த ஊரை யாரும் குட்டி இந்தியா என்பதில்லை. அதனால் பிள்ளையாருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

கீழ்த்தளத்து கேன்டீனில் அம்மாவுக்குப் பேப்பர் தோசை வாங்கினேன். சட்னி நன்றாக இருக்கிறது என்றார். சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்தார்.

"அந்தப் புளித்தண்ணிக்காரப் பையன் எத்தனை மணி வரைக்கும்டா வண்டி போடுவான்?"